வேலையில்லாத இருபத்தைந்து பொலிகிடாக்கள்

நெவில் ஓக்டனுக்கு 'முடியாது' என்ற சொல் மட்டும் வாயில் வராது. மற்ற எல்லாச் சொற்களும் நன்றாக வரும். ரங்கிட்டிகி ஆற்றுக்கு மேலே, டோட்டாரா பள்ளத்தாக்கில், இந்தக் குறையை அறியாதவர்கள் யாரும் இல்லை. அறிந்தவர்கள் சும்மாவும் இருந்ததில்லை. பள்ளிக்கூடக் கமிட்டி, ஊர் மண்டபக் கமிட்டி, ரக்பி கிளப், மேய்ச்சல் நாய்ப் போட்டி, கல்லறைத் தோட்டப் பராமரிப்பு என்று ஐந்து இடத்தில் அவன்தான் செயலாளர். பிறப்பால் பிரெஸ்பிடேரியன் சபைக்காரன். ஆனால் ஆங்கிலிக்கன் கோயிலில் பாட ஆள் குறைகிறது என்று யாரோ சொல்லப்போக, ஒன்பது வருடமாக அங்கே பாடிக்கொண்டிருக்கிறான். தூசி உறிஞ்சும் மெஷின் விற்க வருகிறவன் இவன் வீட்டுக்கு மூன்று முறை வந்திருக்கிறான். வீட்டில் மூன்று மெஷின்கள் இருக்கின்றன. அதில் ஒன்று கம்பளி வெட்டும் கொட்டகையில் தூசி படிந்து கிடக்கிறது.

கல்யாணமே அப்படித்தான் நடந்தது. "நான்தான் கேட்டேன். நான் கேக்காம வேற எவளாவது கேட்டிருந்தா அவளைக் கட்டியிருப்பான். ரெண்டு பேரும் கேட்டிருந்தா ஜெயிலுக்குப் போயிருப்பான்" என்பாள் ரோஸ்லின். இதை அவனை வைத்துக்கொண்டே சொல்லுவாள். அவனும் சிரிப்பான்.

மனிதன் மற்றபடி கெட்டிக்காரன். இரண்டாயிரம் பெட்டை ஆடுகளை, ஆள் நிமிர்ந்து நடக்க முடியாத சரிவுகளில் மேய்த்து, குட்டி எடுத்து விற்றுப் பிழைக்கிறவன். அரசாங்கம் மானியத்தை நிறுத்திய பிறகு எத்தனையோ பேர் பண்ணையைத் தலைமுழுகிவிட்டுப் போனார்கள். இவன் நின்றான். எந்த ஆட்டை வாங்குவது, எந்த ஆட்டைக் கழிப்பது என்பதில் அவன் கணக்கு தப்பாது. ஆனால் எதிரில் ஒரு மனித முகம் வந்து நின்றுவிட்டால் போதும், கணக்கு பறந்துவிடும்.

அப்படி வந்து நின்ற முகங்களிலேயே பெரிய முகம் லாயிட் பெதரிக்குடையது.

பெதரிக் குடும்பம் ரோம்னி என்ற செம்மறி இனத்துப் பொலிகிடாக்களை வளர்த்து விற்கிற குடும்பம். நெவிலின் அப்பா அங்கேதான் கிடா வாங்கினார். நெவிலும் அங்கேதான் வாங்கினான். இந்தப் பக்கத்தில் கிடா வாங்கும் இடத்தை மாற்றுவது கோயிலை மாற்றுவதைவிடப் பெரிய காரியம். கோயிலை மாற்றினால் பாதிரியாருக்கு மட்டும்தான் தெரியும். கிடாவை மாற்றினால் அடுத்த வருடம் பிறக்கிற குட்டிகளின் முகத்தைப் பார்த்து ஊருக்கே தெரிந்துவிடும்.

குட்டிகளின் முகம்தான் பிரச்சினையும். லாயிட் வளர்க்கும் கிடாக்களுக்கு முகமெல்லாம் கம்பளி. நெற்றி, கன்னம், கண்ணைச் சுற்றி, மூக்கு வரைக்கும். "முகத்துல கம்பளி இருந்தா உடம்பு பூரா கம்பளி இருக்கும்" என்பது அவர் அப்பா சொன்னது, அவர் அப்பாவின் அப்பா சொன்னது. கம்பளி விலை போன காலத்தில் அது சரி. இப்போது சம்பாதித்துக் கொடுப்பது கம்பளி இல்லை, குட்டி. அதிலும் இரட்டைக் குட்டி. நாலு வருடத்துக்கு முன் நெவில் ரகசியமாக மனவாட்டு சமவெளிக்குப் போனான். அங்கே மிஸஸ் டன்ஸ்டல் என்ற அம்மாள் மொட்டை முகமும் நீண்ட உடம்புமாகக் கிடாக்கள் வளர்த்தாள். எந்தத் தாய் எத்தனை குட்டி போட்டது என்று ஒவ்வொன்றுக்கும் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். நெவில் வாங்கினான். மந்தை மாறத் தொடங்கியது.

ஆனால் லாயிடிடம் எப்படிச் சொல்வது? நெவில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். வழக்கம்போல லாயிடிடமும் ஐந்து கிடா வாங்கினான். வாங்கி, வீட்டுக்குப் பின்னால் பைன் மரங்களுக்கு அப்பால் இருந்த நல்ல சமதளப் புல்வெளியில் விட்டான். பெட்டை ஆட்டின் வாசனைகூட அவற்றுக்குக் காட்டவில்லை. அடுத்த வருடம் இன்னும் ஐந்து. அதற்கடுத்த வருடம் இன்னும் ஐந்து. சந்தைக்கு அனுப்பிக் கழித்துவிடலாம் என்றால், காதில் பெதரிக் முத்திரை இருந்தது. காலையில் சந்தையில் இறக்கினால் சாயங்காலத்துக்குள் லாயிட் காதுக்குப் போய்விடும்.

நாலு வருடத்தில் இருபது கிடாக்கள் சேர்ந்துவிட்டன. ரோஸ்லின் அவற்றுக்கு 'விருந்தாளிகள்' என்று பெயர் வைத்தாள்.

"விருந்தாளிங்க இன்னிக்கு வேலியை உடைச்சுட்டாங்க. மேசைக்கு வந்து உக்காரச் சொல்லட்டுமா?" என்பாள். "நம்ம சமதளமே அது ஒண்ணுதான். அதுல என் இளம் பெட்டைங்க மேயணும். இந்தத் தடியனுங்க தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறானுங்க. நெவ், இந்த டிசம்பர்ல நீ லாயிட்கிட்ட சொல்லணும். சொல்லலன்னா அஞ்சு புதுக் கிடாவோட நீயும் அங்கேயே படுத்துக்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. நெவிலுக்கு அது புரிந்தது.

இங்கே டிசம்பர் கோடைக்காலம். அதன் இரண்டாவது வியாழக்கிழமை லாயிட் வீட்டில் கிடாத் தேர்வு. புறப்படும் முன் ரோஸ்லின் வாசல் கேட்டில் நின்று ஒத்திகை பார்த்தாள்.

"சொல்லு. 'லாயிட், எனக்கு இனிமே கிடா வேண்டாம்.'"

"லாயிட், எனக்கு இனிமே..."

"ம்?"

"எனக்கு இனிமே வெயில் ஒத்துக்கல."

"நாய்கிட்ட சொல்லிப் பாரு. அதுகிட்டயாவது வருதான்னு பார்ப்போம்."

நெவில் குனிந்து நாயைப் பார்த்தான். நாய் வாலை ஆட்டிக்கொண்டு நம்பிக்கையோடு அவனைப் பார்த்தது. அதனிடமும் வரவில்லை.

லாயிட் வீட்டில் வால்நட் மரத்தடியில் நீள மேசை போட்டிருந்தது. வெள்ளைத் துணி விரித்து நாற்பது பேருக்குத் தட்டு வைத்திருந்தார். ஒரு காலத்தில் நாற்பது பேர் வருவார்கள். கார்கள் சாலை வரை நிற்கும். அவர் மனைவி ஈனிட் செய்யும் எலுமிச்சைக் கேக்குக்காகவே வந்தவர்கள் உண்டு. ஈனிட் இறந்து மூன்று வருடம் ஆகிறது. கேக் இந்த முறை லாயிட் செய்தது. ஒரு பக்கம் கருகியும் மறுபக்கம் வேகாமலும் இருந்தது. வந்திருந்த வண்டிகள் மூன்று. அதில் ஒன்று கால்நடை டாக்டருடையது. அவர் சாப்பிட மட்டும் வந்தவர்.

"ஃபிஞ்ச் வரலையாம். முதுகு வலி" என்றார் லாயிட். அறுபத்தெட்டு வயது, ஆறடி உயரம், அயர்ன் பண்ணின சட்டை. "மக்ரேகர் மகனுக்கு ஏதோ பரீட்சையாம். ஹோனே ரங்கியோட டிரக் மக்கர் பண்ணுதாம். என்னமோப்பா, வருஷம் வருஷம் இந்த வியாழக்கிழமை பார்த்துத்தான் எல்லாருக்கும் ஏதாவது வந்து தொலையுது."

"ஆமா, ஆமா" என்றான் நெவில், தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு.

அங்கே கிடாவுக்கு ஏலம் கிடையாது. பெயர்களைச் சீட்டில் எழுதித் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். முதல் சீட்டுக்காரன் எல்லாக் கிடாவிலும் தனக்குப் பிடித்ததை எடுக்கலாம், பிறகு அடுத்தவன், பிறகு அடுத்தவன். அந்த நாற்பது பேர் காலத்தில் முதல் சீட்டு விழுந்தவன் ஒரு வாரத்துக்கு மிதப்பான். இன்றைக்குத் தொப்பியில் இரண்டு சீட்டு. லாயிட் அதையும் நன்றாகக் குலுக்கினார். கண்ணை மூடி எடுத்தார்.

"நெவில் ஓக்டன்! முதல் தேர்வு!" என்று நாற்பது பேருக்குக் கேட்கும் குரலில் கூவினார்.

இந்த நேரத்தில் ஒருவன் 'வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? முடியும் என்கிறவர்கள் நெவிலை அறியாதவர்கள். அவன் பட்டிக்குள் இறங்கினான். இறங்கிய பிறகு அவனுக்கே மறந்துபோனது. அவனுக்குக் கிடா பார்க்கத் தெரியும். வாயைத் திறந்து கீழ்ப்பற்கள் மேல் ஈறில் சரியாகப் பதிகின்றனவா என்று பார்த்தான். காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தான். பின்னாலிருந்து விதையைப் பிடித்து, இரண்டும் ஒரே கனமாக, கட்டியில்லாமல் இருக்கிறதா என்று பார்த்தான். முதுகை உள்ளங்கையால் அழுத்தினான். கிடாவை நடக்க விட்டுத் தோளைப் பார்த்தான். அரைமணி நேரம் கழித்து ஒன்றின் நெற்றியில் நீலச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டான். அது உண்மையிலேயே அருமையான கிடா. கம்பளிக்குள் அதன் கண் எங்கே என்று மட்டும் தேட வேண்டியிருந்தது.

"உங்க அப்பா கண்ணுடா உனக்கு" என்றார் லாயிட். தோளில் கை வைத்தார். கை வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்.

நெவில் இன்னும் நாலு கிடாவுக்கு நீலக் கோடு போட்டான். கேக்கில் கருகிய பக்கத்தையும் வேகாத பக்கத்தையும் சாப்பிட்டான்.

வீட்டுக்கு வந்தபோது ரோஸ்லின் டிரக்கின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

மார்ச் மாதம் கிடா சேர்க்கிற பருவம். மிஸஸ் டன்ஸ்டலின் மொட்டை முகக் கிடாக்களை நெவில் ஒரு வாரம் முன்பே மலைக்கு அந்தப்பக்கம் பெட்டைகளோடு விட்டிருந்தான். கடைசியாக அறுபது பெட்டைகள் மட்டும் கொட்டகைப் பக்கத்துப் பட்டியில் நின்றன. அன்று காலை பத்து மணிக்கு டெலிபோன் அடித்தது. லாயிட்.

"தைஹாபே டவுன்ல இருக்கேன். பல் டாக்டரைப் பார்க்க வந்தேன். திரும்பற வழியில அப்படியே உன் பக்கம் வந்து நம்ம கிடாங்க வேலை செய்யறதைப் பார்த்துட்டுப் போறேன். அரைமணியில வந்துடுவேன்."

அவர் இப்படி வந்ததே இல்லை. நெவில், "வாங்க, வாங்க" என்றான். அவனுக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?

போனை வைத்துவிட்டு ஓடினான். விருந்தாளிகளில் புதியவனை, அந்த முதல் தேர்வை, பிடித்து இழுத்துவந்து அறுபது பெட்டைகளுக்கு நடுவில் விட்டான். கிடா ஒரு சுற்றுப் பார்த்தது. பிறகு புல்லைத் தின்னத் தொடங்கியது. மூன்று மாதம் வேளா வேளைக்குத் தின்று தூங்கிய உடம்பு. அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை.

இங்கே கிடாக்களுக்கு மார்பில் வார் கட்டி, அதில் சாயக்கட்டி ஒன்றைப் பொருத்தி விடுவார்கள். கிடா எந்தப் பெட்டையின் மேல் ஏறினாலும் அதன் பின்பக்கத்தில் சாயம் படியும். எத்தனை சேர்ந்தது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். வார் எல்லாம் மலைக்கு அந்தப்பக்கம் மொட்டை முகங்களின் மார்பில் இருந்தது. நெவில் கொட்டகையில் தேடி, பழைய டப்பாவில் நீலப்பொடியைக் கண்டெடுத்தான். எண்ணெயில் குழைத்தான். கிடாவின் மார்பில் பூசினான். பிறகு பட்டிக்குள் பாய்ந்து, ஒவ்வொரு பெட்டையாகப் பிடித்து, கிடா செய்ய வேண்டியதைத் தன் கையால் செய்யத் தொடங்கினான்.

ரோஸ்லின் வேலியில் முழங்கையை ஊன்றி நின்று பார்த்தாள்.

"நெவ், என்ன பண்ற?"

"லாயிட் வர்றார்."

"அதுக்கு நீ ஏன் ஆட்டுக்குப் பின்னால ஓடற?"

"மார்க் வேணுமே!"

"கிடா சும்மா நிக்குது, நீ வேலை செய்யற. நல்லா இருக்குடா குடும்பம்." அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஓரத்துல நிக்கறவளை விட்டுட்டே பாரு. கோவிச்சுக்கப் போறா."

பதினேழு ஆடு ஆனபோது லாயிடின் வண்டி மேட்டில் ஏறும் சத்தம் கேட்டது.

லாயிட் இறங்கினார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பட்டிக்குள் பார்த்தார். முதலில் கிடாவைப் பார்த்து முகம் மலர்ந்தது. பிறகு பெட்டைகளைப் பார்த்தார். ஒன்றை, பிறகு இன்னொன்றை. கேட்டைத் திறந்து உள்ளே போய், ஒரு பெட்டையை மெல்லப் பிடித்து நிறுத்தி, அதன் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நெவில்."

"சொல்லுங்க லாயிட்."

"எங்கிட்ட வாங்கின கிடாவுக்கு அஞ்சு விரல் எப்ப முளைச்சுது?"

நெவில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அப்படிக் கட்டியதில் கால்சட்டையும் நீலமானது. ரோஸ்லின் சட்டென்று வீட்டுக்குள் போய்விட்டாள். அவளுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

"மத்த கிடாங்க எங்கே?"

நெவில் முன்னால் நடந்தான். லாயிட் பின்னால் வந்தார். பைன் மரங்களைத் தாண்டியதும் புல்வெளி. இருபத்து நான்கு கிடாக்கள் நிழலில் படுத்துக் கிடந்தன, கொழுகொழுவென்று, ஒரு கவலையும் இல்லாமல். சில தலையைத் தூக்கின. சத்தம் எந்தப் பக்கம் என்று கம்பளிக்குள்ளிருந்து பார்க்க முடியாமல் தப்பான பக்கம் திரும்பின.

லாயிட் அவற்றுக்குள் நடந்தார். "இது எண்பத்திரெண்டுல ரெண்டாவது தேர்வு. இவனோட அம்மாவை ஈனிட் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தா. இவன் அந்த வெள்ளம் வந்த வருஷம் பொறந்தவன்." ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். கடைசிக் கிடா வரை போய்த் திரும்பினார்.

"ஒண்ணாவது பெட்டையைப் பார்த்திருக்கா?"

"இல்ல."

"நாலு வருஷமாவா?"

"ஆமா, லாயிட்."

லாயிட் வேலிக் கம்பத்தில் சாய்ந்தார். வீங்கிய கன்னத்தைத் தடவினார். கோபப்படுவார் என்று நெவில் காத்திருந்தான். அவர் கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணை விடுடா. அந்த முதல் தேர்வை மட்டும். அங்கதான் நிக்குதே, அப்படியே விட்டுடு. அறுபது பெட்டைதானே. செப்டம்பர்ல வந்து குட்டிங்களைப் பார்த்துட்டுப் போறேன். அதுக்கப்புறம் நான் கேக்க மாட்டேன்."

அறுபது பெட்டை ஒன்றும் பெரிய விஷயமில்லை. இரண்டாயிரத்தில் அறுபது. சரி என்று சொல்லிவிட்டால் இந்தக் கிழவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். நெவிலின் வாயில் 'சரி' தயாராக வந்து நின்றது. நாற்பத்தாறு வருடமாக அது அப்படித்தான் முந்திக்கொண்டு வந்து நிற்கும். அதற்குப் பின்னால் இருபது விருந்தாளிகளும், இருபத்தைந்தும், முப்பதும் வரிசையாக நிற்பது அவனுக்குத் தெரிந்தது. அழுதுவிடுவோமோ என்று பயந்தான்.

"முடியாது, லாயிட்" என்றான்.

லாயிட் நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

"உங்க கிடாவோட பெட்டைக் குட்டிங்களுக்கு மூஞ்சியெல்லாம் கம்பளி. கண்ணை மறைச்சிடுது. சரிவுல வழி தெரியாம பள்ளத்துல விழுதுங்க. குட்டி போட்டா, குட்டி எங்கே போச்சுன்னு அதுங்களுக்கே தெரியறதில்ல. நான் மாத்தறதுக்கு முந்தின வருஷம் தாயைத் தொலைச்ச குட்டிங்க நாப்பது. ரோஸ்லின் நாப்பதுக்கும் புட்டிப்பால் கொடுத்தா. அதுலயும் பதினஞ்சு செத்துப்போச்சு."

"கண்ணைச் சுத்தி வெட்டி விடலாமே?"

"ரெண்டாயிரம் ஆட்டுக்கு, வருஷத்துக்கு மூணு தடவை. நானும் அவளும் ரெண்டே பேரு."

லாயிட் தலையாட்டினார். ஆடு வளர்க்கிறவருக்கு அது புரியாதா? பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஃபிஞ்ச்சும் இதனாலதான் வரதில்லையா?"

நெவில் தரையைப் பார்த்தான். "ஆமா."

"மக்ரேகர்?"

"ஆமா."

"ஹோனே? அவன் டிரக்..."

"டிரக் நல்லாத்தான் ஓடுது. எல்லாருமே இதனாலதான், லாயிட்."

"அப்போ ஃபிஞ்ச்சுக்கு முதுகு வலி இல்லையா?"

"இல்ல."

"நான் அவனுக்கு ரெண்டு தடவை தைலம் அனுப்பினேன்" என்றார் லாயிட்.

இருவரும் வண்டி வரைக்கும் சேர்ந்தே நடந்தார்கள். லாயிட் கதவைத் திறந்து உட்கார்ந்து, சாவியைப் போட்டார். திருகவில்லை.

"முப்பத்தெட்டு பேரு" என்றார். "பன்னெண்டு வருஷத்துல ஒவ்வொருத்தனா வராம நின்னீங்க. நான் ஈனிட்கிட்ட கேப்பேன், கேக் சரியில்லையோ, நான் ஏதாவது பேசிட்டேனோன்னு. அவளும் போற வரைக்கும் அதையே யோசிச்சிட்டிருந்தா. ஒருத்தன், ஒரே ஒருத்தன் வந்து மூஞ்சியில கம்பளி ஜாஸ்தின்னு சொல்லியிருந்தா அடுத்த வருஷமே மாத்தியிருப்பேனேடா. கண்ணு தெரியாத ஆடுதான் வளர்க்கணும்னு எனக்கென்ன வேண்டுதலா?"

வெட்கத்தில் நெவிலுக்குக் காது எரிந்தது. அவரை நோகடிக்கக் கூடாது என்றுதான் ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் இவனும் ஒருவன்.

"அவ செத்தப்ப எல்லாரும் வந்தீங்க. ஆளுக்கொரு கேக் கொண்டுவந்தீங்க. மூணு வாரம் சாப்பிட்டேன்." லாயிட் வண்டியைக் கிளப்பினார். "ரொம்ப நல்லவங்கடா நீங்க எல்லாரும்."

திட்டியிருந்தால் நெவில் தாங்கியிருப்பான்.